கணக்கு யாருடையது?

மின்னஞ்சல் கணக்கையோ முகநூல் கணக்கையோ பறிகொடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பல ஆண்டுகளாகக் கணக்கைப் பயன்படுத்திவரும் உரிமையாளரிடம் சான்றுக்கு மேல் சான்று கேட்டு, கொடுத்த விடைகள் போதவில்லை என்று திருப்பி அனுப்பும் நிறுவனம், எங்கிருந்தோ வந்த திருடனை எந்தத் தடையும் இன்றி எப்படி உள்ளே விட்டது? இதில் நிறுவனத்தின் அலட்சியத்துக்கும் பங்கு இருக்கக்கூடும் என்றாலும், புதிரின் வேர் அலட்சியத்தில் இல்லை. ஒரு மனிதரை நேரில் பார்க்கவே வழியில்லாத ஓர் இயந்திரம், வந்திருப்பவர் அவர்தான் என்று ஒப்புக்கொள்வதற்குக் கையாளும் முறையிலேயே அந்த வேர் இருக்கிறது.

இணையச் சேவையை நடத்தும் கணினி சேவையகம் எனப்படும். கணக்குத் தொடங்கும்போது ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் அதனிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அன்று முதல் அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்பவர் எவரோ அவரே உரிமையாளர் என்று அது கொள்கிறது. இவ்வாறு சான்றை வைத்து ஆளை ஒப்புக்கொள்வது அடையாள உறுதிப்பாடு எனப்படுகிறது. அதற்குரிய சான்றுகளை வல்லுநர்கள் மூன்று வகையாகப் பிரிக்கின்றனர்: கடவுச்சொல்லைப்போல ஒருவர் அறிந்தது, கைபேசியைப்போல ஒருவர் வைத்திருப்பது, கைரேகையைப்போல ஒருவரின் உடலிலேயே அமைந்தது. வழக்கமான ஊர், வழக்கமான கருவி, வழக்கமான நேரம் ஆகிய சூழ்நிலைச் சான்றுகளும் இப்போது நான்காவது வகையாகச் சேர்ந்துள்ளன. இவற்றுள் எதுவும் மனிதர் அல்ல; எல்லாமே மனிதரைச் சுட்டும் அடையாளங்கள் மட்டுமே. ஆகவே கணக்கைத் திருடுபவரும் கணக்கை மீட்பவரும் சேவையகத்தின் முன் செய்யும் செயல் ஒன்றேதான்: இருவருமே, முன்பின் அறியாத ஓர் இயந்திரத்திடம், தாமே உரிமையாளர் என்று நிறுவ முயல்கின்றனர். மீட்பு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கான விளக்கம் இந்த ஒற்றுமையிலிருந்துதான் தொடங்குகிறது.

கணினியில் கடவுச்சொல்லின் வரலாறும் திருட்டின் வரலாறும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே காலத்தில் பயன்படுத்தும் அமைப்பு ஒன்றை உருவாக்கியபோது, ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்த்துவிடாதபடி ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கினர். 1962இல், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர் கடவுச்சொற்கள் அனைத்தும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். அதே அமைப்பில் பின்னொரு நாள், இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போனதால், வரவேற்புச் செய்தி தோன்றவேண்டிய இடத்தில் எல்லோருடைய கடவுச்சொற்களும் எல்லோருடைய முனையத்திலும் அச்சாயின. கடவுச்சொற்களை உள்ளபடியே எழுதிவைக்கும் வரை எந்தக் காவலும் பயன் தராது என்பதை இந்த நிகழ்ச்சிகள் காட்டின.

இதற்கான மாற்று 1960களிலேயே கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் என்னும் கணினி அறிஞரிடமிருந்து வந்தது. கடவுச்சொல்லை வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, அதை ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்திக் கிடைக்கும் எழுத்துத்தொடரை மட்டும் சேவையகம் வைத்துக்கொண்டால் போதும். ஹாஷ் என்று துறையினர் வழங்கும் இந்த ஒருவழிச் சுருக்கத்தை மாவரைப்பதோடு ஒப்பிடலாம். அரிசியை அரைத்து மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. ஆனால் அதே அரிசியை அதே கல்லில் அரைத்தால் அதே மாவு கிடைக்கும். உரிமையாளர் கடவுச்சொல்லை இடும்போதெல்லாம் சேவையகம் அதை மீண்டும் அரைத்து, தன்னிடமுள்ள மாவோடு ஒத்துப்பார்க்கிறது. கோப்பு களவுபோனாலும் திருடனுக்குக் கிடைப்பது மாவு மட்டுமே. எனினும் அவனும் சும்மா இருப்பதில்லை. மக்கள் வழக்கமாக வைக்கும் சொற்களையெல்லாம் தானே அரைத்துப் பார்த்து, எந்த மாவு எதனோடு பொருந்துகிறது என்று தேடுகிறான். பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், தாங்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 86 விழுக்காடு மிகக் குட்டையானவையாகவோ அகராதியில் உள்ள சொற்களாகவோ பிற எளிய வகையினவாகவோ இருந்ததைக் காட்டினர். ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் வேறுவேறான ஓர் எழுத்துத்தொடரைச் சேர்த்து அரைத்தால், ஒரே சொல்லை வைத்திருக்கும் இருவருக்கும் வெவ்வேறு மாவு கிடைக்கும், திருடன் ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியே அரைக்க நேரும் என்பதும் அக்கட்டுரையில் உள்ள யோசனை. அந்தச் சேர்க்கைக்கு உப்பு என்றே பெயர்.

இவ்வளவு பழைய பாடமும் பின்பற்றப்படாத இடங்கள் உண்டு. 2009இல் ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து களவுபோன 3.2 கோடிக் கடவுச்சொற்கள் அரைக்கப்படாமல் உள்ளபடியே இருந்தன. அவற்றுள் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. லிங்க்டின் தளத்திலிருந்து 2012இல் உப்பில்லாத ஹாஷ்கள் களவுபோயின. முதலில் ஏறத்தாழ 65 லட்சம் என்று கருதப்பட்ட அத்திருட்டு, 2016இல் 11.7 கோடிப் பேரின் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் விற்பனைக்கு வந்தபோதுதான் முழு அளவில் தெரியவந்தது. ஓரிடத்தில் கசிந்த சொல்லை வேறு தளங்களிலும் இட்டுப் பார்ப்பது திருடர்களின் வாடிக்கை. ஆகவே ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் வைத்திருப்பவரின் பாதுகாப்பு, அத்தளங்களுள் எது மிகவும் கவனக்குறைவாக நடத்தப்படுகிறதோ அதன் அளவுக்குத்தான் இருக்கும்.

கணக்குகள் பறிபோகும் வழிகளுள் எது மிகவும் கொடியது என்பதை ஊகத்தால் அல்லாமல் அளந்தே அறிந்திருக்கிறார்கள். கூகுள் நிறுவனத்தாரும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தாரும் 2016 மார்ச் தொடங்கி ஓராண்டுக் காலம் கள்ளச் சந்தைகளைக் கண்காணித்து மூன்று குவியல்களைத் திரட்டினர். நிறுவனங்களிலிருந்து கசிந்த 190 கோடிப் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் முதலாவது. வங்கியின் பக்கம்போலவோ மின்னஞ்சல் பக்கம்போலவோ போலியாக அமைத்துக் கடவுச்சொல்லைப் பறிக்கும் ஃபிஷிங் என்னும் தூண்டில் மோசடியில் சிக்கியிருக்கக்கூடிய 1.24 கோடிப் பேர் இரண்டாவது; விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் ஒளிந்திருந்து பதிவுசெய்யும் நச்சுநிரலுக்கு இரையாகியிருக்கக்கூடிய 7.88 லட்சம் பேர் மூன்றாவது. பொதுவான ஒரு கூகுள் பயனரோடு ஒப்பிட, கசிவில் அகப்பட்டவருக்குக் கணக்கு பறிபோகும் வாய்ப்பு 10 மடங்கும், விசைப்பதிவு நிரலில் அகப்பட்டவருக்கு 40 மடங்கும், தூண்டிலில் அகப்பட்டவருக்கு 400 மடங்கும் மிகுதி என்று அவர்கள் கண்டனர். எண்ணிக்கையில் கசிவே மிகப் பெரிது, ஆபத்தில் தூண்டிலே மிகப் பெரிது. தூண்டில் பக்கத்தில் கிடைப்பது அந்த நிமிடத்தில் வழக்கில் உள்ள கடவுச்சொல் என்பது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் இன்னும் நுட்பமானது: அப்பக்கங்களுள் பெரும்பாலானவை இரையானவர் இருக்கும் இடத்தையும், சில அவருடைய தொலைபேசி எண்ணையும் கருவியின் வகையையும்கூடச் சேர்த்தே திரட்டின. திருடன் கடவுச்சொல்லை மட்டுமன்றி, மேலே நான்காவதாகச் சொன்ன சூழ்நிலைச் சான்றையும் போலியாக உருவாக்கிக்கொள்ள முயல்கிறான் என்பது இதனால் விளங்கும். பறிகொடுத்தவரை ஏமாளி என்று பழிப்பது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. இவ்வளவு முறையாக நடத்தப்படும் தொழில் ஒன்றின்முன் தனி மனிதரைக் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமன்று.

உள்ளே நுழைந்தபின் திருடன் என்ன செய்கிறான் என்பதையும் கூகுள் ஆய்வாளர்கள் பொறிவைத்துக் கவனித்தனர். அவர்களே பொய்க் கணக்குகளைத் தொடங்கி, அவற்றின் கடவுச்சொற்களைத் தூண்டில் பக்கங்களில் வேண்டுமென்றே இட்டுவிட்டுக் காத்திருந்தனர். ஐந்தில் ஒரு கணக்கில் அரைமணி நேரத்துக்குள்ளாகவே ஆள் நுழைந்துவிட்டான். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, நுழைந்தவன் முதல் மூன்று நிமிடங்களைக் கணக்கின் மதிப்பை எடைபோடுவதற்கே செலவிடுகிறான். வங்கி, பணம் அனுப்புதல் முதலிய சொற்களை அஞ்சல்பெட்டியில் தேடுகிறான். தேறும் என்று தோன்றினால் கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் மாற்றி உரிமையாளரை வெளியே தள்ளுகிறான். பிறகு, வெளியூரில் பணத்தைப் பறிகொடுத்துத் தவிப்பதாக உரிமையாளர் பெயரிலேயே நண்பர்களுக்கு எழுதுகிறான். நம் நாட்டில் இதே கதை வாட்ஸ்அப் வழியாக நடக்கிறது: அறிந்தவரின் எண்ணிலிருந்து அவசரமாகப் பணம் கேட்டு ஒரு செய்தியும், தவறுதலாக வந்துவிட்ட ஆறிலக்க எண்ணைச் சொல்லும்படி ஒரு வேண்டுகோளும் வருகின்றன. அந்த ஆறிலக்க எண், கேட்கப்படுபவரின் வாட்ஸ்அப் கணக்கையே வேறொரு கைபேசியில் பதிவுசெய்வதற்கான ஒருமுறைக் கடவுச்சொல். ஒருவர் வீழ்ந்தால் அவருடைய தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களும் ஆபத்துக்குள்ளாவது இதனால்தான்; பறிபோன கணக்கின் தொடர்புகளில் இருப்பவர்களுக்கு ஆபத்து 36 மடங்கு கூடுகிறது என்று அதே ஆய்வு கணக்கிட்டது.

இனி மீட்புக்கு வரலாம். மனிதர் மறப்பார், கைபேசியைத் தொலைப்பார், எண்ணை மாற்றுவார். ஆகவே கடவுச்சொல் இல்லாமலேயே உள்ளே வருவதற்கு ஒரு வழியை ஒவ்வொரு சேவையும் வைத்தே தீரவேண்டும். அந்த இரண்டாம் வழி முதல் வழியைவிட எளிதாக இருந்தால், கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தும் பயனில்லை. நெடுங்காலம் அந்த இரண்டாம் வழியாக இருந்தவை பாதுகாப்புக் கேள்விகள். 2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாகூ அஞ்சல்பெட்டிக்குள் ஓர் இளைஞர் நுழைந்தது இவ்வழியாகத்தான்: பிறந்த நாள், அஞ்சல் குறியீட்டு எண், கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய மூன்றும் இணையத்தில் தேடினாலே கிடைக்கக்கூடியவையாக இருந்தன.

புகழ்பெற்றவர்களுக்குத்தான் இந்த ஆபத்து என்பதற்கில்லை. கோடிக்கணக்கான விடைகளை ஆராய்ந்து கூகுள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசுவோரிடம் பிடித்த உணவு எது என்று கேட்டால், ஒரே முயற்சியில் ஊகித்துவிடும் வாய்ப்பு 19.7 விழுக்காடு என்று தெரியவந்தது. கொரிய மொழி பேசுவோர் பிறந்த ஊரைப் பத்து முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 39 விழுக்காடு. மறுபுறம், அமெரிக்காவின் ஆங்கிலப் பயனர்களுள் 40 விழுக்காட்டினரால் தாங்களே கொடுத்த விடையைத் தேவைப்பட்டபோது நினைவுகூர முடியவில்லை. திருடனுக்கு எளிதாகவும் உரிமையாளருக்குக் கடினமாகவும் அமைந்த காவல் இது. தமிழர்க்கு இக்கேள்விகள் இன்னும் பொருந்தாதவை: தந்தையின் பெயர் இங்கே பலருக்குத் தலைப்பெழுத்தாகவே முன்னால் நிற்கிறது, சான்றிதழ்கள்தோறும் எழுதப்பட்டிருக்கிறது, தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் என்னும் கேள்விக்கோ, குடும்பப் பெயரே வழங்காத சமூகத்தில் பொருளே இல்லை.

ஒரு நிறுவனத்தின் மீட்பு வழி இன்னொரு நிறுவனத்தின் மீட்பு வழியோடு பின்னிக்கிடப்பதை உலகுக்கு விளங்கவைத்தது 2012 ஆகஸ்டில் நடந்த ஒரு தாக்குதல். வயர்டு இதழின் எழுத்தாளர் மேட் ஹோனனின் ட்விட்டர் பெயர் வெறும் மூன்றெழுத்தாக இருந்ததால் அதைக் கைப்பற்ற விரும்பிய இளைஞர்கள், அவருடைய கடவுச்சொற்களைத் தேடி மெனக்கெடவில்லை. ட்விட்டர் கணக்கு ஜிமெயில் முகவரியோடும், ஜிமெயிலின் மீட்பு ஆப்பிள் நிறுவனத்தின் அஞ்சல் முகவரியோடும் இணைந்திருப்பதை அவர்கள் கண்டனர். ஆப்பிளின் உதவி மையத்தினர் அன்று கேட்டவை வீட்டு முகவரியும் கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களும். முகவரி இணையத்திலேயே கிடைத்தது. இலக்கங்களுக்காக அமேசானைத் தொலைபேசியில் அழைத்து, உரிமையாளரைப்போலப் பேசி, பொய்யான ஓர் அட்டை எண்ணைக் கணக்கில் சேர்க்கச் சொன்னார்கள். மீண்டும் அழைத்து, அந்தப் பொய் எண்ணையே சான்றாகச் சொல்லிப் புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்றைச் சேர்த்தார்கள். அதன் வழியே உள்ளே போய், உண்மையான அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்துக்கொண்டார்கள். மாலை 4.33 மணிக்கு ஆப்பிளுக்கு அழைப்பு போனது, 4.52க்கு ஜிமெயிலின் மீட்பு அஞ்சல் அனுப்பப்பட்டது, 5.00 மணிக்கு ஹோனனின் ஐஃபோன் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டது, 5.02க்கு ட்விட்டர் பறிபோனது, 5.05க்கு மடிக்கணினியும், அதிலிருந்த மகளின் குழந்தைப் பருவப் படங்களோடு அழிக்கப்பட்டது. தாக்கியவர்களுள் ஒருவரே பின்னர் ஹோனனிடம் முறையை விளக்க, வயர்டு இதழார் வேறொரு கணக்கில் அதே முறையைச் செய்துபார்த்து அது உண்மையில் வேலைசெய்வதை உறுதிப்படுத்தினர். ஒரு நிறுவனம் எவரும் பார்க்கலாம் என்று திரையில் காட்டிய நான்கு இலக்கங்களை மற்றொரு நிறுவனம் ஆளை அடையாளம் காட்டும் இரகசியமாகக் கருதியிருந்தது. இரண்டும் தனித்தனியே நோக்கினால் பிழையாகத் தோன்றாதவை. சேர்ந்தபோது ஒரு மனிதரின் எண்முறை வாழ்வு முழுவதும் அரைமணி நேரத்தில் அழிந்தது. இரு நிறுவனங்களும் அதன்பிறகே தங்கள் தொலைபேசி நடைமுறையை மாற்றிக்கொண்டன.

இதனால்தான் இன்றைய மீட்பு நடைமுறைகள் தனியொரு விடையை நம்பாமல் பல சிறு சான்றுகளைக் கூட்டிப்பார்க்கின்றன. வழக்கமாகப் பயன்படுத்திய கைபேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ, வழக்கமான வீட்டு இணைப்பிலிருந்தே முயலும்படி கூகுள் அறிவுறுத்துவது வெறும் சடங்கன்று. கருவியும் இடமும் அங்கே சான்றுகளாகவே எண்ணப்படுகின்றன. பதற்றத்தில் நண்பர் வீட்டுக் கணினியிலிருந்து முயல்பவர், கையில் இருந்த நல்ல சான்றைத் தாமே விட்டுவிடுகிறார். பழைய கடவுச்சொல்லைக் கேட்பதும் இவ்வகையே, ஏனெனில் இப்போதைய சொல்லை அறிந்த திருடன் அதற்கு முந்தையதை அறிந்திருப்பது அரிது. காலமும் ஒரு சான்றாகப் பயன்படுகிறது: மீட்பு எண்ணோ முகவரியோ மாற்றப்பட்ட பின்பும் ஏழு நாள் வரை பழைய எண்ணுக்கே குறியீட்டைப் பெறும் வாய்ப்பைக் கூகுள் வழங்கக்கூடும், திருடன் செய்த மாற்றம் உடனே முழுமையாகிவிடாதபடி வைத்திருக்கும் ஏற்பாடு அது. வாட்ஸ்அப்பில், உரிமையாளர் தம் எண்ணை மீண்டும் பதிவுசெய்து தமக்கு வரும் ஆறிலக்க எண்ணை இட்டவுடன் திருடனின் கைபேசியில் கணக்கு நீங்கிவிடும். அதற்குள் அவன் இருபடிச் சரிபார்ப்பு எண் ஒன்றை வைத்திருந்தால் உரிமையாளர் ஏழு நாள் காத்திருக்க நேரும் என்றாலும், அந்த நாட்களில் அவனாலும் அதைப் பயன்படுத்த முடியாது. பணமும் போயிருந்தால் இணையக் குற்றங்களுக்கான 1930 என்னும் இந்தியத் தேசிய உதவி எண்ணை அழைப்பதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், ஏனெனில் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்முன் அதை இடையில் நிறுத்துவதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

கடவுச்சொல்லை மாற்றியதும் கணக்கு மீண்டுவிட்டது என்று கருதுவது பெரும்பிழை. ஒவ்வொரு பக்கத்துக்கும் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால், ஒருமுறை சரிபார்த்த கருவிக்குச் சேவையகம் டோக்கன் என்னும் அனுமதிக் குறியை வழங்குகிறது. அதன்பின் அந்தக் குறியைக் காட்டுவதே போதுமான சான்றாகிறது. 2018 செப்டம்பரில் முகநூல் நிரலில் இருந்த பிழைகளால் ஏறத்தாழ 3 கோடிப் பேரின் அனுமதிக் குறிகள் களவுபோயின. அவர்களுள் எவருடைய கடவுச்சொல்லும் அதற்குத் தேவைப்படவில்லை. எனவே எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்தி, வழங்கிய குறிகள் அனைத்தையும் செல்லாதவையாக்கினால்தான் திருடனின் கைபேசியில் திறந்திருக்கும் கணக்கு மூடப்படும். அவன் அனுமதி அளித்துவிட்டுப்போன வெளிச்செயலிகளையும் நீக்கவேண்டும். எல்லாவற்றினும் மறைவானது அஞ்சலைத் திருப்பிவிடும் விதி: வரும் அஞ்சலின் படியொன்றை வேறு முகவரிக்கு அனுப்பும்படியும், வங்கியிடமிருந்து வருவதை நேரே குப்பையில் சேர்க்கும்படியும் அமைத்துவிட்டுப்போனால், கடவுச்சொல் எத்தனை முறை மாறினாலும் திருடன் உள்ளே வராமலேயே படித்துக்கொண்டிருப்பான். இந்த வேலைகளை முதலில் மின்னஞ்சலில் முடிக்கவேண்டும் என்பதற்குக் காரணம் ஹோனன் நிகழ்ச்சியிலேயே உள்ளது. பிற கணக்குகள் பலவற்றின் மீட்பு அஞ்சல்கள் வந்துசேரும் இடம் அதுதான்.

குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல், ஒருவர் வைத்திருக்கும் கைபேசியைச் சான்றாக்கும் முயற்சி. ஆனால் அது உண்மையில் சுட்டுவது கைபேசியை அன்று, தொலைபேசி எண்ணை. எண்ணோ நிறுவனத்தின் ஏட்டில் மாற்றி எழுதக்கூடியது. ட்விட்டரின் தலைமை அதிகாரியாக இருந்த ஜாக் டார்சியின் கணக்கே 2019 ஆகஸ்டில், அவருடைய எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றவைத்தவர்களிடம் சிக்கியது. சிம் மாற்றப்பட்ட பின் ஏழு நாள் வரை அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி, இத்தகைய மோசடியைக் கருதியே கொண்டுவரப்பட்டது. குறைபாடு இருந்தும் குறுஞ்செய்தி வீணானதன்று: மீட்பு எண்ணுக்கு அனுப்பும் குறியீடு தானியங்கித் தாக்குதல்கள் அனைத்தையும், பரவலாக வீசப்படும் தூண்டில்களில் 96 விழுக்காட்டையும், ஒருவரையே குறிவைத்து நடத்தும் தாக்குதல்களில் 76 விழுக்காட்டையும் தடுத்ததாகக் கூகுள் 2019இல் அளந்து வெளியிட்டது. அதே அளவீட்டில் மூன்று வகைத் தாக்குதல்களையும் முழுமையாகத் தடுத்தது, கணினியில் செருகும் பாதுகாப்புத் திறவுகோல் மட்டுமே. கைபேசிகளில் இப்போது பரவிவரும் பாஸ்கீயும் அதே கொள்கையில் அமைந்தது. இதில் கருவிக்குள்ளேயே இரண்டு எண்கள் இணையாகப் பிறக்கின்றன. ஒன்று சேவையகத்துக்குத் தரப்படுகிறது, மற்றொன்று உரிமையாளரிடமே தங்கிவிடுகிறது. நுழையும்போது சேவையகம் அனுப்பும் புதிய கேள்வி ஒன்றுக்குக் கருவி தன்னிடமுள்ள எண்ணால் கையொப்பமிட, சேவையகம் தன்னிடமுள்ள எண்ணால் அதைச் சரிபார்க்கிறது. கையொப்பம் தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், உண்மையான பக்கத்தை அச்சடித்ததுபோல இருக்கும் போலிப் பக்கத்தில் மனிதரின் கண் ஏமாந்தாலும் கருவி கையொப்பமிடாது. ஓதிக்காட்டுவதற்கு உரிமையாளரிடமும், திருடுவதற்குச் சேவையகத்திடமும் இரகசியம் எதுவும் இல்லை.

ஆயினும் அந்தக் கைபேசியே தொலைந்துபோனால் உரிமையாளர் என்ன செய்வார் என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது; விடை, மீண்டும் ஒரு மீட்பு வழிதான். இதற்கென்று கூகுள் வழங்கும் மாற்றுக் குறியீடுகள் பத்து. ஒவ்வொன்றும் எட்டு இலக்கம் கொண்டது, ஒருமுறைக்கு மேல் செல்லாது. கணக்கு உரிமையாளரின் கையில் இருக்கும் நாளிலேயே அவற்றை அச்சிட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைக்கலாம். அந்தத் தாள் தொலைந்தாலோ பிறர் கண்ணில் பட்டாலோ புதிய பத்து எண்களைப் பெற்றுக்கொண்டால், பழைய பத்தும் அப்போதே செல்லாதவையாகிவிடுகின்றன.